எண்ணெய் விரல்

ஜூன் 4

அத்தை அவர்களுக்கு,

'அன்புள்ள' என்ற சொல் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்ளப்படும்.

உங்கள் நாவல் கட்டு வந்து சேர்ந்தது. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா மறுபடியும் பெரியவங்க நாவலுக்குப் போயிட்டா. இதுல எத்தனை பேரு சாகுறாங்கன்னு முன்னாடியே சொல்லிடு, மனசைத் தேத்திக்கிறேன்" என்றார். உங்கள் முதல் மூன்று நாவல்களின் கடைசி அத்தியாயங்களிலிருந்து மனுஷர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

எழுதும்போது போன் கூடாது என்று எங்கள் வீட்டு இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனீர்களே, அது தினமும் அலறுகிறது. எடுத்து "ராங் நம்பர்" என்று சொல்வது அப்பாவின் வேலை. நேற்று பழக்கதோஷத்தில் தன் போனை எடுத்தும் அப்படியே சொல்லிவிட்டார், அவருடைய ஆபீசரிடம்.

நான் உங்களோடு பேசாமல் இருப்பது தொடர்கிறது. இது பேச்சில்லை, எழுத்து. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏன் பேசவில்லை என்று மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ஐந்து வயதில் எனக்கு அம்மை போட்டது. சொறிந்துவிடக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு அரிக்கும்போதெல்லாம் ஒரு வரி என்று கதை சொன்னீர்கள். அந்தக் கதையில் வந்த காண்டாமிருகக் குட்டிதான் கொம்பி. அன்றிலிருந்து எனக்குப் பல் விழுந்தால் கொம்பிக்குப் பல் விழுந்தது. நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தினால் கொம்பியும் கத்தினாள். ஏழு புத்தகம் வரைக்கும் பொறுத்தேன். எட்டாவதில், ஸ்கூல் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுததை எழுதிவிட்டீர்கள். அதை நான் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது மொத்த வகுப்புக்கும் தெரியும். என்னைக் 'கொம்பி' என்று கூப்பிட்டுவிட்டு டிஷ்யூ பேப்பர் நீட்டுகிறார்கள். காண்டு ஆகாமல் என்ன செய்வது? பாக்கி மிருகம் மட்டும்தான்.

போகட்டும். புது நாவலைப் படித்தேன். கருத்துச் சொல்லப்போவதில்லை. தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவையே சொல்லும்.

இப்படிக்கு,
உங்கள் மூலப்பொருள்

*

ஜூன் 9

வாலுக்கு,

தாள்கள் வந்தன. சொல்லிவிட்டன.

உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இப்போது சொல்லலாம், இனி அதற்கு வேலை இல்லை. நீ படிக்கும்போது பக்கத்தில் எப்போதும் சிப்ஸ் பாக்கெட் இருக்கும். கதை நன்றாகப் போனால் உன் கை பாக்கெட்டை மறந்துவிடும். தொய்ந்தால் கை தானாக உள்ளே போகும், அதே கையால் தாளைத் திருப்புவாய். எண்ணெய் பட்ட பக்கத்தை நான் எடுத்துவிடுவேன், அல்லது திரும்ப எழுதுவேன். உன்னிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்த எட்டாவதைத் தவிர, மற்ற கொம்பிப் புத்தகங்களை எல்லாம் அப்படித்தான் திருத்தினேன். 'ரொம்ப நல்லா இருக்கு அத்தை' என்று நீ சொன்னதை ஒருநாளும் நம்பியதில்லை. உன் விரலைத்தான் நம்பினேன்.

இந்தத் தடவை எண்ணெய் இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை.

முதல் தாளைப் பார்த்ததும் சிரித்தேன். சரி, ஆரம்பம் மெதுவாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்துப் புரட்டப் புரட்ட, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. பதினான்கு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் இயக்கும் ஒருத்தியின் கதை யாருக்கு வேண்டும்? அவள் தினமும் மேலே போகிறாள், உச்சி மாடியில் ஒருநாளும் வெளியே இறங்கிப் பார்த்ததில்லை. இவ்வளவுதான் கதை. எனக்கே சந்தேகம் இருந்தது. நீ அதை எண்ணெயில் எழுதித் தந்துவிட்டாய்.

பதிப்பாளருக்கு இன்று காலை கடிதம் போட்டுவிட்டேன். அச்சுக்கோத்ததைக் கலைத்துவிடுங்கள், இனிமேல் என்னிடம் எதையும் கேட்காதீர்கள் என்று. நேரில் போனால் அவர் பேசியே மயக்கிவிடுவார். குடிநீர் வாரியத்தில் என் பழைய புகார்ப் பிரிவில் ஆள் இல்லையாம், வரச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போடுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேரப்போகிறேன். முப்பது வருஷமாக விடியற்காலையில் எழுதிவிட்டு ஆபீஸ் போனவள். இனி நேராக ஆபீஸ் போகலாம். கொஞ்சம் தூங்கலாம்.

நாவலை என் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேசை இப்போது ஆடவில்லை. நான் எழுதியது ஒன்று எதையாவது தாங்குவது இதுவே முதல் தடவை.

உன்மேல் வருத்தமில்லை. நீ ஒருத்திதான் என்னிடம் பொய் சொல்லாதவள்.

அத்தை

*

ஜூன் 12
விரைவுத் தபால்

அன்புள்ள அன்புள்ள அன்புள்ள அத்தைக்கு,

(ரிப்பேர் முடிந்துவிட்டது. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது.)

முதலில் மேசைக்குக் கீழே குனியுங்கள். நாவலை வெளியே எடுங்கள். அதற்குப் பதிலாக என் கணக்குப் புத்தகத்தை அனுப்புகிறேன், அது எதையும் தாங்கும். என்னையே தாங்குகிறது.

அந்த எண்ணெய் பொய். முழுக்கப் பொய். அது சிப்ஸ் எண்ணெய்கூட இல்லை, அப்பாவின் தலை எண்ணெய். பஞ்சில் நனைத்து ஒவ்வொரு தாளிலும் ஒற்றி எடுத்தேன். அப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் தலையில இருக்குற முடிக்கு இவ்வளவு எண்ணெய் செலவாகுமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "அதுக்கு முதல்ல முடி இருக்கணுமே" என்றார்.

உங்கள் ரகசியம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீங்களே ஊருக்குச் சொல்லியிருந்தீர்கள். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. அதில் உங்கள் பேட்டி. கன்னத்தில் கை வைத்த போட்டோ. 'என் தம்பி மகளின் எண்ணெய் விரல்தான் என் எடிட்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குப் பல்வலியே மறந்துபோயிற்று. என் பல், என் அழுகை, கடைசியில் என் சிப்ஸையும் விட்டு வைக்கவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. சரி, அடுத்த கட்டு வரட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

கட்டு வந்தது. பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முடிக்கும்போது கட்டிலில் இருந்து எப்போது தரைக்கு வந்தேன் என்றே தெரியவில்லை, ஒரு கால் மரத்துப்போயிருந்தது. பாக்கெட்டைத் தொடவே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு "எட்டாவது மாடியில இருக்கேன், வரேன்" என்று சொல்லியிருக்கிறேன். நாங்கள் இருப்பது தரைத்தளம்.

அப்புறம் ஏன் எண்ணெய் பூசினேன் என்று கேட்பீர்கள்.

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது நான் ஏறுவேன் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். டைப்பிஸ்ட் ஏறுகிறார், சலவைக்காரர் ஏறுகிறார், ஒரு நாய்க்குட்டிகூட ஏறுகிறது. நான் ஏறவே இல்லை. என்னைத் திருடாதீர்கள் என்று சண்டை போட்டவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிஜமாகவே திருடாமல் விட்டுவிட்டால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பூட்டு போட்ட வீட்டைத் திருடன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனால், உள்ளே ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

அந்தக் கோபத்தில்தான் பஞ்சை எடுத்தேன். நீங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், பிறகு நான் சொல்லிவிடுவேன், சிரிப்போம் என்றுதான் கணக்கு. என் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் சொல்லும், எனக்குக் கணக்கு வராது.

பதிப்பாளருக்கு உடனே இன்னொரு கடிதம் போடுங்கள். அச்சு உங்களுக்கு, அச்சம் எனக்கு.

வாலை ஒட்ட நறுக்கிக்கொண்ட,
வாலு

*

ஜூன் 15

வாலுக்கு,

கோபமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தாயிற்று, ஆகவே சின்னதாகத்தான் வரும்.

நீ பூசியது விளையாட்டு. நான் நம்பியது விளையாட்டில்லை. ஒரு பாட்டில் எண்ணெயில் கவிழ்கிற அளவுக்கு என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கு நீ பொறுப்பில்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கடிதம் போட மாட்டேன். வேண்டவே வேண்டாம் என்று எழுதிவிட்டு, மறுவாரமே வேண்டும் என்று எழுத எனக்கு வராது. உன் அப்பனைக் கேள், சொல்வான். சின்ன வயதில் பலூன் வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு, அவன் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான். எப்படியும் இந்நேரம் கலைத்திருப்பார்கள். என் இடத்தில் வேறு யாருடைய புத்தகமோ ஏறியிருக்கும்.

நீ மாடி மாடியாகத் தேடியதைப் படித்தபோது... இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை.

எட்டாவது புத்தகத்துக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னைத் தொடாமல் ஒரு புத்தகம் எழுதிக் காட்டினால் அதுவே மன்னிப்பு என்று நினைத்தேன். நீ ஏறிவிடுவாயோ என்று ஒவ்வொரு மாடியிலும் நானே கதவைச் சாத்தினேன்.

முதல் தேதி வேலையில் சேர்கிறேன். நாவலை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். மேசை ஆடுகிறது.

அத்தை

*

ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள். மேசை ஆடினால் பரவாயில்லை.

நேற்று ஸ்கூல் விட்டதும் இரண்டு பஸ் மாறிப் பதிப்பகத்துக்குப் போனேன். ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடிப்படி. இரண்டு பக்கமும் புத்தகக் கட்டு, நடுவில் ஒல்லியாக வழி. மேலே போனால் அங்கேயும் கட்டு. கட்டுகளுக்கு நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி. அதுதான் பதிப்பாளர்.

எழுத்தாளர்கள் நீங்கள் எல்லாரும் அவருக்கு ஏன் 'அடுத்தமாசம்' என்று பேர் வைத்தீர்கள் என்று உடனே புரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, "அடுத்த மாசம் வந்துடும்மா" என்றார்.

"எது சார்?"

"நீ எதுக்கு வந்தியோ அது."

"நான் ஒரு கடிதத்துக்காக வந்தேன் சார். எங்க அத்தை எழுதினது. லிஃப்ட் நாவல்."

மனுஷர் எழுந்தே விட்டார். "கொம்பியா நீ! பாத்ரூம்ல..."

"சார். கடிதம்."

ஜன்னலோரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் காட்டினார். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற கூடை. வாய் வரைக்கும் கடிதம். எதுவும் பிரிக்கப்படவில்லை. அத்தை, கவிஞர்கள் எழுதியது, சமையல் குறிப்பு அம்மாக்கள் எழுதியது, எல்லாம் ஒற்றுமையாகத் தூங்குகிறது.

"எழுத்தாளர் கடிதத்தை வந்த அன்னிக்கே படிச்சா அன்னிக்கே பதில் போடணும்மா" என்றார். "ஒரு மாசம் ஊறவெச்சா பாதிப் பிரச்சனை தானாவே கரைஞ்சுடும். மீதிப் பாதிக்கு நேர்லயே வந்துடுவாங்க. நீ வந்திருக்க பாரு."

"அப்போ நாவலைக் கலைக்கலையா?"

"எதுக்குக் கலைக்கணும்? பாதி கோத்தாச்சு. அடுத்த மாசம் வந்துடும்."

அந்த இரண்டு வார்த்தையை யாராவது இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார்களா என்று தெரியவில்லை. அப்படியே ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர், "அது மேல உக்காராதம்மா, கவிதை. ஏற்கனவே நகராது" என்றார்.

கூடையைத் தரையில் கவிழ்த்து, மண்டி போட்டுத் தேடினேன். உங்கள் பச்சை மை தூரத்திலிருந்தே தெரிந்தது. "இதை நான் எடுத்துட்டுப் போலாமா சார்?" என்று கேட்டேன். "தாராளமா. வேணும்னா இன்னும் ரெண்டு மூணு எடுத்துக்கோ" என்றார்.

பிரிக்கவில்லை. அப்படியே இதனுடன் வைத்திருக்கிறேன். ஆக, நீங்கள் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியாது, நாட்டுக்குத் தெரியாது. வீம்பை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பலூன் இன்னும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "அந்த பலூனை ராத்திரி அவ தலைமாட்டுல கட்டிட்டேன்னு அக்கா சொன்னாளா?" என்று கேட்டார். சொல்லவில்லையே அத்தை? நல்ல முடிவை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள்.

கூடைக்காரி,
வாலு

*

ஜூன் 24

வாலுக்கு,

கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டேன். பிரித்தால் அதில் நல்ல வாக்கியம் ஏதாவது இருந்துவிடுமோ, எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றுமோ என்று பயம். அப்புறம் முகம் கழுவினேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, தனியா சிரிச்சுட்டு இருக்கீங்க?" என்றார். ஒரு கூடைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து என் அறைப் பக்கம் கொஞ்சம் கவனமாகத்தான் வருகிறார்.

புகார்ப் பிரிவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. அந்த வாசகத்தை இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே எழுதி வைத்ததே நான்தான்.

உன் அப்பனிடம் சொல், பலூன் ஞாபகம் இருக்கிறது என்று. அதை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் விட்டுவிட்டேன்.

இப்போது உன் விஷயம். நேற்று வெளிச்சத்தில் தாள்களை எடுத்துவைத்து மறுபடி பார்த்தேன். போன தடவை எனக்குச் சளி. இல்லாவிட்டால் முதல் தாளிலேயே உன் அப்பனின் தலை வாசனை அடித்திருக்கும். நீ ஒற்றிய எண்ணெய் எல்லாம் தாளின் நடுவில், வட்டமாக, அழகாக இருக்கிறது. யாராவது நடுவில் பிடித்துத் தாளைத் திருப்புவார்களா, அசடே? குறும்பிலும் கொஞ்சம் தொழில் நேர்த்தி வேண்டாமா?

ஆனால் ஒரே ஒரு தாளில் மட்டும் கீழ் ஓரத்தில் இன்னொரு கறை இருக்கிறது. கட்டை விரல். பக்கத்தில் உப்புத் தூள். பாக்கெட்டைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஒன்பதாவது மாடியில் தொட்டிருக்கிறாய். டாக்டர் ஏறி, வாழ்க்கை என்றால் என்ன என்று நான்கு பக்கம் பேசுகிற இடம்.

உனக்கே தெரியாமல் கை போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்? மற்ற எல்லா இடத்திலும் நீ நிஜமாகவே படித்திருக்கிறாய். டாக்டரை இறக்கிவிட்டேன். அவர் போனதும் லிஃப்ட்டே லேசாகிவிட்டது.

அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஒருத்தி தானாகவே வந்து ஏறுகிறாள். நான் கூப்பிடவில்லை. பதினைந்து வயது. ஏறியதும் எல்லாப் பட்டனையும் ஒன்று விடாமல் அமுக்கிவிட்டு, அடுத்த மாடியிலேயே இறங்கி ஓடிவிடுகிறாள். லிஃப்ட் மாடிக்கு மாடி நிற்கிறது. உச்சியில் கதவு திறந்ததும் மாட்டிக்கொள்கிறது. சாத்த மறுக்கிறது. அந்த அம்மாள் எத்தனை நேரம்தான் உள்ளேயே நிற்பாள்? முதல் தடவையாக ஒரு காலை வெளியே வைக்கிறாள். இரண்டு வருஷமாக அவளை வெளியே கொண்டுவர வழி தெரியாமல் திண்டாடினேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு வாலு.

அத்தியாயத்தை இதோடு அனுப்புகிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். எட்டாவதுக்கும் சேர்த்து இப்போதே கேட்கிறேன், மன்னித்துவிடு. வேண்டாம் என்றால் அந்தத் தாள்களைக் கிழித்துவிடு. என்னிடம் வேறு பிரதி இல்லை. அவளை இறக்கிவிட்டு வேறு வழி தேடுவேன். இருக்கும்.

அத்தை

*

ஜூன் 30
தபால் நிலையத்திலிருந்து, கயிற்றில் கட்டிய பேனாவால்

அன்புள்ள அத்தைக்கு,

ஒன்பதாவது மாடிக் கட்டை விரலைப் பற்றி நான் எதுவும் பேச விரும்பவில்லை. என் கையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தியாயத்தை வாசலில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் உச்சி மாடி வரைக்கும் ஒரே மூச்சில் படித்தார். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, "யாருமே சாகலையே!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏமாத்திட்டா" என்றார்.

இனி என் நிபந்தனைகள். அவள் பின்னல் போடக் கூடாது, நானும் போடுவதில்லை. ஓடும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், அது நன்றாக இருக்கிறது, இருக்கட்டும். பாத்ரூம் பக்கம் அவள் போகவே கூடாது, பதினான்கு மாடியிலும். கொம்பிக்கும் ஒரு வழி பண்ணுங்கள். எத்தனை வருஷம்தான் அவளும் குட்டியாகவே இருப்பாள்? ஒன்பதாவது புத்தகத்தில் அவளுக்கு என் வயது ஆகலாம். ஆனால் எழுதும் முன் கேட்க வேண்டும். நான் யோசித்துவிட்டு 'அடுத்த மாசம்' என்பேன்.

தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். கருத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த முறை கறையைத் தேட வேண்டாம், கூடவே சாட்சியும் வருகிறது.

கவுன்ட்டரில் இருப்பவர் கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா, மொறுமொறுங்குது?" என்று கேட்டார்.

"விமர்சனம் சார்."

"சிப்ஸ் மாதிரில்ல இருக்கு? நொறுங்கிடும்மா."

"நொறுங்கட்டும் சார்" என்றேன். "பிரிக்காம போய்ச் சேர்ந்தா போதும்."

உங்கள்,
வாலு